பதினோரு நாள் ஐஸ்

கையெழுத்து என்னுடையதுதான்.
கோர்ட்டில் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டியபோது
முதல் பக்கத்தில் மீன் செதில் ஒன்று
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வடகடலுக்குத் தெற்கே, தென்கடலுக்கு வடக்கே,
மண்டபம் அவ்வளவுதான்.
நடுவில் எங்கள் ஐஸ் கம்பெனி.
நாலு மாதச் சம்பளம் பாக்கி.
கேட்டைப் பூட்டிக்கொண்டு முதலாளி மதுரைக்குப் போன அன்று
இறால் உரிக்கிற சவேரியாயிதான் முதலில் சுவரேறினாள்,
சேலையை இடுப்பில் செருகி.
உள்ளிருந்து திறந்துவிட்டுச் சொன்னாள்:
"வாங்க. அடுத்தவுக வீட்டுக்கு வந்த மாதிரி
நிக்கிறீக."

கமிட்டிக்குக் கை தூக்கச் சொன்னார்கள்.
இறால் நீர் தின்ற விரல்கள்.
சிலர் இரண்டு கையையும் தூக்கிவிட்டதால்
மறுபடி எண்ணினோம்.
ஏழு பேர். நாலு பேர் பெண்கள்.
டோக்கன் கிழிக்கிற நான், எழுதத் தெரிந்தவன் என்பதால்
எட்டாவதாக, ஓட்டு இல்லாமல்.

முதல் தீர்மானம்: வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும்
ஒரு பார் ஒரே விலை.
இரண்டு: தராசில் யாரும் கட்டைவிரல் வைக்கக்கூடாது.
மூன்று: பெண்கள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள்.
தாழ்ப்பாளுக்கு மட்டும் கைதட்டல் ஓயவில்லை.

கம்ப்ரசரை ஓட்டியவர் சீனிக்காதர், பழைய கப்பல் ஆள்.
மிஷினின் நெற்றியில் பித்தளைத் தகடு,
அதில் பிரேமன் என்று ஊர்ப் பெயர்.
"இந்த ஊருல எறங்கியிருக்கேன்" என்றார்
எண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைத்தபடி.
"அங்கயும் ஒரு தை மாசம்
கப்பல் கட்டுறவுக ஊரைப் பிடிச்சாகளாம்.
இருபத்தஞ்சு நாளு."
"பெறகு?"
"பேங்குல பணம் தர மாட்டேன்னுட்டாக.
பெறகு பீரங்கி வந்துச்சு."
"நமக்குத்தான் பேங்கே கெடையாதே"
சிரித்தாள் சவேரியாயி.
அம்மோனியா முள் லேசாக நடுங்கியது.

ஆறாம் நாள் சண்டை.
கருங்காலியாகப் போன லோடுமேன் இருளப்பனை
சேர்ப்பதா வேண்டாமா என்று நடுச்சாமம் வரை.
அவன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.
'முடிவு நாளைக்கு' என்று எழுதினேன்.
அந்த நாளையைப் பிறகு எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

ஒன்பதாம் நாள் மின்வாரியம் கம்பத்தில் ஏறியது.
கரண்டு பாக்கி முதலாளியுடையது,
இருட்டு எங்களுடையது.
சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனை வருஷமும் அந்த மிஷின்
எங்கள் காதுக்குள் ஓடியிருக்கிறது.
வெளியே கச்சான் காற்று மட்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு பார்.
உமி கொட்டினோம், சாக்கு போட்டோம்.
போதாமல் அவரவர் வீட்டுப் போர்வையைக் கொண்டுவந்து
போர்த்தினோம்.

பதினோராம் நாள் விடியலில் மூன்று லாரி போலீஸ்.
கேட்டு வரைக்கும் ஐஸ் தண்ணீர்.
பூட்ஸ் வழுக்கி ஒரு அதிகாரி விழுந்தார்.
யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் அடி விழுந்தது என்பார்கள்.
எனக்குத் தெரியாது.
நான் நோட்டை ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

சீனிக்காதர் வால்வை மூடிக்கொண்டிருந்தார்.
திறந்தார் என்று எழுதினார்கள் எஃப்.ஐ.ஆரில்.
ஓடும்போது சுட்டோம் என்றார்கள்,
குண்டு முதுகில் இருந்ததால்.
ஓடுகிறவனுக்கும் குனிந்து வால்வை மூடுகிறவனுக்கும்
முதுகு ஒன்றுதானே.

போராட்டம் நீர்த்துப்போனது என்று பேப்பரில் வந்தது.
சரியான சொல்தான்.
நானூற்றுப் பன்னிரண்டு பாரும் ஓடைவழி
எந்தக் கடலுக்குப் போனதென்றுதான்
போடவில்லை.

"இது உன் கையெழுத்தா?"
என் மகள் பிறந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள்.
ஆமாம் என்றேன்.
பெயர்களைப் படிக்கச் சொன்னார் வக்கீல்.
ஆஜர் எடுக்கிற வாத்தியார் மாதிரி
ஒவ்வொன்றாகப் படித்தேன், தலை நிமிராமல்.
ஆறு பேரும் வாய் திறக்கவில்லை.
ஏழாவது, சீனிக்காதர்.

கூண்டிலிருந்து சவேரியாயி
"உள்ளேன்" என்றாள்.